கேரியரில் உட்கார்ந்து பார்த்து வாங்கிய சைக்கிள்

அன்பு மகள் எழிலரசிக்கு, அப்பா கன்னியப்பன் ஆசீர்வாதத்துடன் சொல்லச் சொல்ல மாடி வீட்டுக் காவ்யா எழுதுவது. கனடாக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் நல்லபடி இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே பருத்திப்பட்டில் நான் சுகம், சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை, இடது முழங்கையில் ஒரு சிராய்ப்பு மட்டும் உண்டு. அது எப்படி வந்தது என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் பாதியிலேயே நீ கத்த ஆரம்பித்துவிடுவாய். கடிதம் என்றால் கடைசிவரை படித்துவிட்டுத்தானே கத்த முடியும்.

ஆட்சியைக் கலைத்த வருஷம், உன் அம்மாவை நான் பெண் பார்த்துவிட்டு வந்த வருஷம், நம் தெருக்கோடியில் முதல் கரண்டுக் கம்பம் நட்ட வருஷம், அந்த வருஷம்தான் என் சிநேகிதன் வேம்புலி பழைய சைக்கிள் ஒன்றை வாங்கினான். நீ சின்னப் பிள்ளையில் மாமா மாமா என்று தோளில் ஏறுவாயே, அவனேதான். அன்றிலிருந்து அம்பத்தூரில் எங்கள் கம்பெனியை மூடுகிறவரை அவன் மிதித்தான், நான் இரண்டு டிபன் டப்பாவையும் மடியில் வைத்துக்கொண்டு பின்னால் கேரியரில் உட்கார்ந்து போனேன். கூட வருகிற அத்தனை பேரும் சைக்கிள் மிதிப்பார்கள், நான் ஒருத்தன்தான் தெரியாதவன். கற்றுக்கொள்ள அவசியமே வரவில்லை. சாலையில் எதிரே என்ன வந்தது என்று என்னைக் கேட்காதே, வேம்புலியின் முதுகு எந்தெந்தச் சட்டை போட்டது என்று கேள், வரிசையாகச் சொல்கிறேன்.

அவனுக்குச் சர்க்கரை கண்ணில் இறங்கியதை உனக்குச் சொன்னேன் அல்லவா, இப்போது வெறும் நிழல்தான் தெரிகிறதாம். தீபாவளிக்கு அப்புறம் வாசல் தாண்டவில்லை. ஏரிக்கரை டீக்கடைக்கு வருவதும் நின்றுபோனது. அவன் மருமகள் பேபி என்னிடம் வந்து, மாமா சாப்பாட்டைக் குறைச்சிட்டாரு, பேச்சையும் குறைச்சிட்டாரு, செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துகினே கீறாரு என்று அழுதாள். இப்படியே படுத்தால் தேறமாட்டார், வெளியே கூட்டிப் போங்கள் என்று டாக்டரும் சொல்லிவிட்டாராம். நான் போய் ஆட்டோ கூப்பிடட்டுமா என்றேன். அதற்கு அவன், "கண்ணு தெரியாதவன ஆட்டோல ஏத்திகினு போயி ஊருக்கு வேடிக்கை காட்டப் போறியா? கையப் புட்சிகினு நடக்கவும் மாட்டேன். நீ சைக்கிள் ஓட்டிகினு வாடா, அன்னிக்கி வரேன்" என்றான். சொல்லிவிட்டுச் சிரித்தான். பல மாதத்துக்கு அப்புறம் அவன் சிரித்தது என்னைக் கிண்டல் செய்யத்தான். சரி, பார்த்துவிடலாம் என்று எனக்கும் ரோஷம் வந்துவிட்டது.

காவ்யா தேனிப் பக்கத்துப் பெண், கம்ப்யூட்டர் வேலை, ஞாயிற்றுக்கிழமையானால் கூட்டமாகச் சைக்கிளில் வேப்பம்பட்டு வரைக்கும் போய் வருகிறவள். அவளைக் கூட்டிக்கொண்டு ஆவடியில் முகமது இஸ்மாயில் கடைக்குப் போனேன். இதற்குள் எத்தனை விதம் வந்துவிட்டது என்கிறாய், கியர் வைத்தது, டயர் யானைக்கால் மாதிரி தடித்தது, ஒன்றிலாவது கேரியர் இல்லை. தேடிப் பார்த்ததில் ஒரு மூலையில் மட்டும் கேரியர் வைத்த வண்டி ஒன்று இருந்தது. நேராகப் போய் அதன் கேரியரில் உட்கார்ந்து, கொஞ்சம் மிதித்துக் காட்டுப்பா, ஆட்டம் இருக்கிறதா பார்க்கிறேன் என்றேன். எனக்குத் தெரிந்த சோதனை அது ஒன்றுதானே. இஸ்மாயில் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "இன்னா நைனா, சைக்கிள் வாங்க வந்தியா, சவாரி போவ வந்தியா?" என்றான். காவ்யாவுக்குச் சிரிப்பு அடங்கவே இல்லை, இதை எழுதும்போதும் சிரிக்கிறாள்.

அப்புறம் அவள் சொன்னபடிதான் வாங்கினேன். புதிதாகப் பழகுகிறவனுக்குக் கியர் வேண்டாம், காலைத் தூக்கிப் போடாமல் ஏறுகிற மாதிரி நடுக்கம்பி தாழ்ந்திருக்க வேண்டும், சீட்டில் உட்கார்ந்தால் இரண்டு பாதமும் தரையில் பதிய வேண்டும், பிரேக் இரண்டையும் அழுத்தித் தள்ளிப் பார்க்க வேண்டும். இது லேடீஸ் வண்டி அல்லவா என்று நான் இழுத்தேன். "கால் எட்டலன்னா ஜென்ட்ஸ் வண்டி வந்து உன்னத் தாங்குமா?" என்று இஸ்மாயில் என் வாயை அடைத்துவிட்டான். பால்காரர்கள் வைக்கிற கெட்டிக் கேரியரையும் கால் வைக்கக் கம்பியையும் அவனே பொருத்திக் கொடுத்தான். மணி, பின்னால் சிவப்பு விளக்கு, பூட்டு, காற்றடிக்கிற பம்பு. ஹெல்மெட் ஒன்று போதும் என்றேன், தாத்தா, பின்னாடி உக்காருறவருக்குத் தலை இல்லையா என்று காவ்யா கேட்டாள். இரண்டாக வாங்கினோம்.

ஏரி ஓரத்து மைதானத்தில் காலையில் பழகினேன். காவ்யாதான் சொல்லிக் கொடுத்தாள், முதலில் பெடலைக் கழற்றிவிட்டாள். காலால் தரையை உந்தி உந்திப் போகவேண்டும், அது வந்ததும்தான் பெடல். நடக்க வருகிறவர்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள். விழுந்தது ஒரே தரம்தான், அந்தச் சிராய்ப்புதான் இது, மருந்து போட்டாகிவிட்டது.

போன ஞாயிறு வேம்புலி வீட்டு வாசலில் போய் மணியடித்தேன். பேபி கையைப் பிடித்து அழைத்து வந்தாள். ஹேண்டில்பாரிலிருந்து கேரியர் வரை தடவிப் பார்த்துவிட்டு, "பொம்பள வண்டி வாங்கிகினு கீறியேடா" என்றான். ஹெல்மெட்டை மாட்டினால் தலையில சட்டியக் கவுத்துட்டியா என்கிறான். ஆனால் திரும்பி உள்ளே போகவில்லை. அதற்குப் பிறகுதான் பெரிய சிக்கல். வண்டி நகர்ந்ததும் கூடவே நாலு எட்டு ஓடி, தாவி உட்காருவதுதான் எனக்குத் தெரிந்த முறை, கண் தெரியாதவன் எப்படித் தாவுவான்? அதோடு முன்னால் உட்கார்ந்தே பழகியவனுக்குக் கேரியரில் உட்காரவும் தெரியவில்லை, எங்கே கால் வைப்பது, எதைப் பிடிப்பது என்று தவிக்கிறான். அதில் நான் கரைகண்டவன் ஆயிற்றே. முதலில் அவனை ஏற்றி, காலைக் கம்பியில் வைத்து, அவன் கையை எடுத்துச் சீட்டுக்கு அடியில் பிடித்துக்கொள்ள வைத்தேன். நான் மிதிக்கவில்லை. பெடல் இல்லாமல் பழகினேனே, அதே மாதிரி இரண்டு காலையும் தரையில் ஊன்றி உந்தி உந்தியே போனேன், காவ்யா பக்கத்தில் வண்டியைப் பிடித்துக்கொண்டே வந்தாள். "ஆமை தேவல, மணியடிடா, மணியடி" என்று வழி முழுக்கத் திட்டிக்கொண்டே வந்தான். டீக்கடையில் இரண்டு பன் தின்றான். இன்னிக்கிப் போதும், நாளைக்கிச் சீக்கிரமா வா என்றான். அதிலிருந்து தினமும் போகிறோம்.

ஆகவே அம்மா, பேபிக்குப் போன் செய்து மாமாவை அனுப்பாதே என்று மட்டும் சொல்லிவிடாதே, நீ சொன்னால் அவள் கேட்டுவிடுவாள், அவன் மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பிவிடுவான். ரோட்டுப் பக்கம் வண்டியை எடுப்பதில்லை, ஏரிக்கரை மட்டும்தான். நீயும் ஆபீசுக்குச் சைக்கிள் வாங்கப் போவதாகச் சொன்னாயே, அழகைப் பார்க்காதே, கால் எட்டுகிறதா என்று பார். ஹெல்மெட் இல்லாமல் ஏறாதே, பனி விழுகிற நாளில் எடுக்கவே எடுக்காதே, இதை மறக்காதே. நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் வயிறார உண்டு நிறைவாக வாழ வேண்டும்.

இந்த வயதில் இந்த வம்பு எதற்கு என்று கேட்பாய். என்னைப் பெற்றவர்கள் போய்விட்டார்கள், உன் அம்மா போய்விட்டாள், அம்பத்தூருக்குக் கூடவே சைக்கிளில் வந்தவர்களும் ஒவ்வொருத்தராகப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். தெருவில் இருக்கிறவர்களுக்கெல்லாம் நான் பெரியவர், தாத்தா, நைனா. என்னை வாடா போடா என்று பேச இன்னும் உயிரோடு இருப்பவன் வேம்புலி ஒருத்தன்தான்.

இப்படிக்கு,
உன் அப்பா கன்னியப்பன் (கைநாட்டு)