சாயம் என்று நினைத்த மூன்று நாட்கள்

கித்துல்கல,
வியாழக்கிழமை.

அன்புத் தங்கச்சி தங்கம்மாவுக்கு,

அண்ணன் காத்தமுத்து சொல்லச் சொல்ல, கடை புவாட் நானாவின் மகள் பஹ்மா எழுதுகிறாள். அங்கே எல்லாரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே சுகம் என்று எழுதச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. போனில் பேசலாம் என்றால், ஷெல்லடிக்குப் பிறகு உனக்குக் காது கேட்பதில்லை. உன் மருமகள் நடுவில் நின்று எடுத்துச் சொல்லக்கூடிய விஷயமும் இல்லை இது. நானா கடைக்குச் சாமான் ஏற்றுகிற ஜவ்பரின் லொறி இன்று பின்னேரம் கிளிநொச்சிக்குப் போகிறது. அவன் கையில் கொடுத்து விடுகிறேன்.

என் கடைசி மகள் நிரோஷா முந்தாநாள் உன் மருமகளுக்குப் போன் எடுத்து, நீங்கள் கடலில் கயிறு கட்டி வளர்க்கிற பாசியில் ஒரு மூட்டை அனுப்பச் சொன்னாளாமே. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டுதான் பேசியிருக்கிறாள். அதை அனுப்பாதே. ஏன் என்று முழுவதையும் சொல்லிவிடுகிறேன்.

அவளுக்குப் பெருங்குடல் முழுக்கப் புண். இரண்டு வருஷமாகிறது. ரப்பர் பால் வெட்டப் போனால் பத்து மரம் முடிப்பதற்குள் நாலு தடவை மறைவு தேடிப் பத்தைப் புதருக்குள் ஓடுவாள். இரத்தமும் சளியுமாகப் போகும். கணக்கப்பிள்ளை எல்லார் முன்னாலும், "ஒனக்கு மரத்துல இருக்கிறதவிட பத்தைக்குள்ளதான் வேல கூட" என்று சொல்லிச் சிரித்தானாம். அன்றைக்கு அவள் சோறு தின்னவில்லை. கிளினிக் மாத்திரையில் இரத்தம் குறைந்தது உண்மைதான். ஆனால் முகம் பூசணிக்காய் மாதிரி ஊதிவிட்டது. லயத்து அடுத்த வீட்டுப் பெண்கள், மாசமா இருக்கியா என்று கேட்டார்கள். புருஷன் விட்டுப் போய் நாலு வருஷமான பிள்ளையிடம் கேட்கிற கேள்வியா அது? கண்ணாடியைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டாள்.

போன மாசம் கிளினிக்கில், அவள் கக்கூசுக்குப் போயிருந்த நேரம், சாப்பாட்டில் ஏதாவது வைத்தியம் இருக்கிறதா என்று றிப்னா டொக்டரிடம் கேட்டேன். நல்ல பிள்ளை. நம் பாஷையில் பொறுமையாகச் சொன்னது. சில கடல்பாசிக்கு மண்ணிறம் கொடுக்கிற சாயம் ஒன்று அதற்குள்ளேயே இருக்கிறதாம். அது குடல் வீக்கத்தைத் தணிக்கிறது என்று ஆராய்ச்சியில் கண்டிருக்கிறார்களாம். கண்டது எலிகளில்தான், மனுஷருக்கு இன்னும் மருந்தாக வரவில்லை என்றது. கடைசியாக, "அதுக்காக மாத்திரைய நிப்பாட்டிராதீங்க ஐயா, திடீர்னு நிப்பாட்டினா ஆபத்து" என்றது.

உன்னைப் போல எனக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் காதில் விழுந்தது போகாது. எழுபத்தேழு கலவரத்தில் நீ ஊரை விட்டு லொறியில் ஏறும்போது என்ன சேலை கட்டியிருந்தாய், என்ன சொல்லி அழுதாய் என்று இப்போது கேட்டாலும் சொல்வேன். அதனால் டொக்டர் சொன்னதை மறந்துவிட்டேன் என்று யாரிடமும் என்னால் சொல்ல முடியாது. எல்லாம் ஞாபகம் இருந்தது. மகள் திரும்பி வந்து, என்னப்பா சொன்னாங்க என்றாள். அந்த ஊதின முகத்தைப் பார்த்தேன். பாசி சாப்பிட்டால் போதுமாம், மாத்திரையை விட்டுவிடலாமாம், டொக்டரே சொல்லிவிட்டார் என்றேன்.

இந்த இடத்தில் பஹ்மா பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்க்கிறாள். எழுது பிள்ளை என்று சொல்லியிருக்கிறேன்.

நேரே நானா கடைக்குப் போய்க் கடல்பாசி கேட்டேன். நோன்பு திறக்க இனிப்புக் காய்ச்சுவார்களே, அந்த வெள்ளைப் பாசியை எடுத்துப் போட்டார். வெள்ளையாக இருக்கிறதே நானா, நிறத்தில்தானே எல்லாம் இருக்கிறது என்றேன். "நெறம் நீங்கதான் போடோணும் காத்தமுத்து, வெறும் பாசிய யாரு தின்ற?" என்று சிவப்புச் சாயப் போத்தல் ஒன்றையும் வைத்தார். அவர் மேல் குற்றமில்லை. வீட்டில் ஏதோ விசேஷம் என்று நினைத்திருக்கிறார். பாசிக்குள்ளேயே இருக்கிற சாயம் என்று டொக்டர் சொன்னதன் அர்த்தம் எனக்குப் பிடிபடவில்லை, எந்தச் சாயமானாலும் அதுதான் மருந்து என்று நினைத்திருந்தேன். ஒரு மூடி ஊற்றுகிற இடத்தில் மூன்று மூடி ஊற்றிக் காய்ச்சிக் கொடுத்தேன்.

முதல் வாரம் தேவலை. முகம் வடிந்தது. கண்ணாடியைத் திரும்ப எடுத்துப் பார்த்தாள். நான் கோயிலில் தேங்காய் உடைத்தேன். இரண்டாம் வாரம் சிவப்பாகப் போனது. பயந்துபோய்க் கூப்பிட்டாள். எட்டிப் பார்த்துவிட்டு, "சாயந்தாம்மா, உள்ள போனதுதானே வெளிய வரும்" என்றேன். மறுநாளும் அதையேதான் சொன்னேன். மூன்றாம் நாள் அவள் பாசியைத் தொடவே இல்லை. அப்போதும் சிவப்பாகவே போனது. எழுந்து நிற்க முடியாமல் விழுந்தாள். கதிரையில் உட்கார வைத்து நாலு பேர் ரோட்டுக்குத் தூக்கினோம்.

ஊசி மருந்துக்கும் அடங்கவில்லை தங்கச்சி. குடல் வீங்கிக்கொண்டே வருகிறது. பெருங்குடலை எடுத்துவிட்டு வயிற்றில் பை வைக்க வேண்டும், சனிக்கிழமையைத் தாண்டவிட்டால் வெடித்துவிடும் என்கிறார் பெரிய டொக்டர். டொக்டரே பாசி போதும் என்றாரே என்று நிரோஷா கையெழுத்துப் போட மறுக்கிறாள். நான் அப்படிச் சொல்லவே இல்லையே என்று றிப்னா டொக்டர் கட்டிலுக்கே வந்து சொன்னது. நிரோஷா கேட்கவில்லை. "பயத்துல இப்ப மாத்திப் பேசுறாங்க. எங்கப்பா பொய் சொல்ல மாட்டாரு" என்றாள். நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். டொக்டர் என்னைப் பார்த்தது. நான் போர்வையை இழுத்துச் சரிசெய்தேன். அது அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டது.

கடையில் வாங்கினது பொய்ப் பாசி, அத்தையிடம் இருப்பதுதான் நெசப் பாசி, அது வரும்வரைக்கும் கத்தி வைக்க விடமாட்டேன் என்கிறாள். உன் மூட்டை வந்தால் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டே போய்விடுவாள்.

நாளைக் காலையில் பார்க்க விடுகிற நேரம் போய், பொய் சொன்னது நான்தான் என்று சொல்லப் போகிறேன். சாமி மேல் ஆணையாகச் சொல்லிவிடுவேன். ஆனால் ஒப்பரேஷனுக்குச் சம்மதிக்க வைக்க அப்பா நாடகம் போடுகிறார் என்று அவள் நினைத்தால் நான் என்ன செய்வேன்? என்னை அவ்வளவு நம்பி வைத்திருக்கிறாள். அதனால்தான் இதை எழுத்தில் வைக்கிறேன். பஹ்மாவும் சாட்சி. கீழே என் பெருவிரலை மையில் தொட்டு வைத்திருக்கிறேன்.

ஜவ்பர் நாளை மத்தியானம் அங்கிருந்து திரும்புகிறான். முன் சீட்டில் உனக்கு இடம் வைக்கச் சொல்லியிருக்கிறேன். நீ எங்கே போனாலும் எதையாவது கட்டிக்கொண்டுதான் போவாய். இந்த ஒரு தடவை இந்தக் கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டு வா. அவள் பக்கத்தில் உட்கார்ந்து முதலிலிருந்து வாசி. வாசித்து முடித்ததும் அவள் காதுபட என்னைத் திட்டு. எவ்வளவு திட்ட முடியுமோ அவ்வளவு திட்டு தங்கச்சி. நீ திட்டுவதைக் கேட்டாலாவது நம்புவாள். அவள் கையெழுத்துப் போடட்டும். அதற்குப் பிறகு அவள் என் முகத்தில் முழிக்காவிட்டாலும் சரி, வாசலுக்கு வெளியே நின்று அவள் குரலைக் கேட்டுவிட்டுப் போகிறேன்.

உன் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் ஒரு குறையும் வரக் கூடாது. வந்துவிடம்மா.

இப்படிக்கு,
உன் அண்ணன்
காத்தமுத்து
(பெருவிரல் அடையாளம்)