கல் மனிதனுக்கு அழுதவள்

2025 மே 6, செவ்வாய்

காலையிலிருந்து மழை. பிள்ளைக் காம்பராவுக்குப் பதினொரு பிள்ளைகள்தான் வந்தன. கொழுந்து எடுக்கப் போகிற தாய்மார் வரும்வரை அதுகளைப் பார்த்துக்கொள்வதுதான் பதினேழு வருசமாக என் வேலை. பழைய வருகைப் புத்தகம் ஒன்று பாதி எழுதாமல் கிடந்தது. எடுத்து வந்துவிட்டேன். எழுதினால் மனசு லேசாகுமாம், ஓப்பநாயக்க ஆஸ்பத்திரியில் நர்ஸ் மிஸ்ஸி சொன்னது. பார்ப்போம்.

பின்னேரம் இராஜம் அண்ணி வந்தார். செத்துப்போன என் புருசனுடைய அக்கா. தோட்டத்தில் யார் செத்தாலும் ஒப்பாரிக்கு முதல் ஆள். வந்து உட்கார்ந்து, பிளேன்டீ குடித்து முடித்துவிட்டுத்தான் ஆரம்பித்தார்.

"அடி குமாரி, அடுத்த மாசம் தம்பிக்கு தெவசம். செத்த அன்னிக்கும் நீ ஒரு சொட்டு விடல. கருமாதிக்கும் விடல. கேகாலை சொந்தமெல்லாம் வருது. இந்தத் தடவையாவது அழுதுரு."

ஏதோ கரண்ட் பில் கட்டச் சொல்கிற மாதிரி சொல்லிவிட்டுப் போனார்.

உண்மைதான். நான் அழவில்லை. இவரைத் தேயிலை அரைக்கிற ஸ்டோரிலிருந்து பிணமாகத் தூக்கிக்கொண்டு வந்தபோது நான் என்ன செய்தேன்? வந்தவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றினேன். நூற்று நாற்பது கோப்பை. எண்ணிக்கொண்டே ஊற்றினேன்.

மே 7, புதன்

இந்த வருசம் முழுக்க லயத்து வரிசை வீடுகளில் ஒரே அமைதி என்று பக்கத்துக் காம்பரா ஜெயம்மா சொன்னாள். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவள் சொன்னதில் தப்பில்லை. ஸ்டோரில் இருபத்தாறு வருசம் ரோலர் மெஷினுக்குப் பக்கத்தில் நின்று இவருக்குக் காது பாதி போய்விட்டது. டிவி போட்டால் சத்தத்தை நூறில்தான் வைப்பார். ஜெயம்மா சுவரில் தட்டுவாள், நான் அடுப்படியிலிருந்து கத்துவேன். அந்த மனுசனுக்குக் கேட்டால்தானே? இப்போது டிவிமேல் அவருடைய பச்சைத் துவாயைப் போட்டு மூடி வைத்திருக்கிறேன். நான் எங்கே டிவி பார்த்தேன், அப்போதும் சரி, இப்போதும் சரி.

மே 12, திங்கள், வெசாக்

இன்று நடந்ததை எழுத வெட்கமாக இருக்கிறது.

மகள் லக்ஷிகா பெல்மதுளையில் ஹஸீப் நானாவின் போன் கடையில் வேலை செய்கிறாள். வெசாக்குக்கு இரண்டு நாள் லீவு. போனில் ஒரு வெள்ளைக்காரப் படம் போட்டு, கடையிலிருந்து கொண்டுவந்த சின்ன ஸ்பீக்கர் பெட்டியில் சத்தத்தை விட்டாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து வல்லாரை ஆய்ந்துகொண்டிருந்தேன். கீழே சிங்களத்தில் எழுத்து ஓடியது. ஒரு வரி வாசிப்பதற்குள் ஒருத்தன் தலை போய்விடுகிறது.

யாரோ ஒரு ராணி. கொம்பு மான்மேல் ஏறி வருகிறாள். பின்னால் ஒரு ஊரே ஓடி வருகிறது. முன்னால் பள்ளம், பாலம் உடைந்து கிடக்கிறது. அப்போது மலையோடு மலையாகப் படுத்திருந்த ஒரு கல் மனிதன் எழுந்து, பாலம் இருந்த இடத்தில் குனிந்து நிற்கிறான். எல்லோரும் அவன் முதுகில் ஏறி அந்தப் பக்கம் போகிறார்கள். அவன் ஒரு வார்த்தை பேசவில்லை.

பேசாததும் சரிதான். அந்த வாத்தியம்! ஐம்பது பேர் சேர்ந்து பிடில் இழுக்கிற மாதிரி மெதுவாகத் தொடங்கி, பிறகு பெரிய பெரிய கொம்பு ஊதி, அடியில் மேளம் இடித்து, கடைசியில் நூறு பேர் என்ன பாஷையோ தெரியாத ஒரு பாட்டு... வல்லாரையை மடியில் போட்டுவிட்டு ஓவென்று அழுதேன். மூக்கெல்லாம் ஒழுகியது.

லக்ஷிகா படத்தை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள்.

"அம்மா, அது கம்ப்யூட்டர்ல செஞ்ச கல்லும்மா."

மே 13, செவ்வாய்

கண் வீங்கிவிட்டது. ஜெயம்மாவிடம் வெங்காயம் என்றேன். ஒரு மூட்டை உரிச்சீங்களா என்று கேட்டாள்.

மே 14, புதன்

லக்ஷிகா வேலைக்குப் போகுமுன் பழைய போனில் படத்தை ஏற்றித் தந்தாள். பரீட்சை செய்து பார்த்தேன். சத்தமில்லாமல் பார்த்தால் ஒன்றுமில்லை. கல் மனிதன் குனிகிறான், குனியட்டும். படத்தைப் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டு சத்தம் மட்டும் கேட்டால் இரண்டாவது நிமிசத்தில் தொண்டை கட்டுகிறது. இரண்டு நிமிசம் நாற்பதாவது செக்கனில் கண்ணீர். மூன்று தரம் பார்த்தேன், மூன்று தரமும் அதே நாற்பது.

ஆக, அழத் தெரியாதவள் இல்லை நான். பிறகு ஏன் அவருக்கு வரவில்லை?

மே 20, செவ்வாய்

புத்தி கெட்டுப்போய் இன்று அதைப் பிள்ளைக் காம்பராவில் போட்டேன். பகல் தூக்கத்துக்கு நல்லதாக இருக்கும் என்று நினைத்தேன். பிடில் வரைக்கும் நல்லதாகத்தான் இருந்தது. கொம்பு ஊதியதும் சுமனுடைய மகன் எழுந்து தட்டால் அடுத்தவன் தலையில் ஒன்று போட்டான். மேளத்துக்கு எல்லாம் தட்டை எடுத்துவிட்டன. கூட்டுப்பாட்டு வந்தபோது பதின்மூன்று பிள்ளைகளும் ஒரே குரலில் அழுதன, பதினான்காவதாக நான்.

நாலாம் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த தாய்மார் கூடையோடு ஓடி வந்தார்கள். பின்னாலேயே தோட்டத்து வெல்ஃபெயார் ஆபீசர் மாத்தயா.

"மொகத மே, என்ன இது? யாருக்கு என்ன ஆச்சு?"

நான் போனைக் காட்டினேன். முடிகிறவரை கேட்டார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, இனிமேல் வேலை நேரத்தில் இப்படி ஒன்றும் போடக்கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். போகிறபோது திரும்பி வந்து, அதைத் தன் போனுக்கு அனுப்பச் சொன்னார்.

மே 25, ஞாயிறு

தோட்டம் முழுக்கச் செய்தி: குமாரிக்கு இப்போதுதான் புருசன் ஞாபகம் வந்து பிள்ளைகளோடு பிள்ளையாக அழுகிறாளாம். இராஜம் அண்ணி சந்தோசத்தில் அதிரசத்தோடு வந்தார்.

"கடைசில வந்துருச்சா? நான் சொன்னேன்ல, வராம எங்க போகும்னு."

ஆமாம் என்று தலையாட்டினேன்.

அவர் போனதும் லக்ஷிகா கேட்டாள். இந்த ஒரு வருசமாக அவள் கேட்காமல் வைத்திருந்தது அது. முகத்தைப் பார்த்தே தெரிந்தது.

"அப்பாவ ஒனக்கு புடிக்குமா, புடிக்காதாம்மா? உண்மையச் சொல்லு. ஒரு கல்லு மனுசனுக்கு அழுவுற. அப்பா செத்ததுக்கு டீ ஊத்துன."

புடிக்கும்டி என்று உடனே சொல்லியிருக்கலாம். வாயே வரல. இருபத்து மூணு வருசம் இருந்திருக்கேன், ஒரு வார்த்தை வரல. அவ எழுந்து வெளிய போயிட்டா. என்ன பொம்பள நான்?

ஜூன் 1, ஞாயிறு

அண்ணிக்குச் சந்தேகம் தீரவில்லைபோல. வந்து கதவைச் சாத்திவிட்டு, முந்தானையிலிருந்து ஒரு தைல டப்பாவை எடுத்தார்.

"அன்னிக்கு வராட்டி இத கண்ணுக்குக் கீழ லேசா தடவு. எல்லாரும் செய்றதுதான். என் மாமியா செத்தப்ப எனக்கு ஒரு டப்பா போச்சு."

"தம்பிக்குமா அண்ணி?"

அண்ணி டப்பா மூடியை இறுக்கினார். "தம்பிக்கு வேணாம்" என்றார். குரல் ஒரு மாதிரி ஆனது. எனக்கு அவர்மேல் பொறாமையாக இருந்தது.

ஜூன் 8, ஞாயிறு

தைலம் வேண்டாம். எனக்கு என் கல் மனிதன் இருக்கிறான். காதில் ஒரு இயர்போனை மாட்டி, மேலே முக்காடு போட்டால் யாருக்கும் தெரியாது. கண்ணாடி முன்னால் நின்று ஒத்திகை பார்த்தேன். பூசை செய்கிற பண்டாரம் பழனிமுத்து சாம்பிராணி போடும்போது பட்டனை அமுக்கினால், சூடம் காட்டுவதற்குச் சரியாகக் கண்ணீர் வரும்.

ஒத்திகையிலேயே இரண்டு தரம் அழுதேன். நன்றாகத்தான் அழுகிறேன். இப்படிக் கணக்குப் பார்த்து அழுவது யாருக்கு? அவருக்கா, கேகாலைக்காரர்களுக்கா?

லக்ஷிகாவுக்கு. அவள் பார்க்க வேண்டும். வேறு யாருக்கும் இல்லை.

ஜூன் 15, ஞாயிறு

படையலில் வைக்க அவருக்குப் பிடித்தது என்னென்ன என்று பட்டியல் போட்டோம். நெத்தலிக் கருவாட்டுக் குழம்பு, பலாக்கொட்டை, ஒரு கால் போத்தல் சாராயம், வெற்றிலை. லக்ஷிகா, டிவி என்றாள்.

"டிவியவா? படையல்லயா? சொந்தம் சிரிக்கும்டி."

"சிரிக்கட்டும். அவருக்கு வேற என்ன புடிக்கும் சொல்லு."

பச்சைத் துவாயை எடுத்தாள். டிவியின் பின்பக்கம் அவருடைய பென் டிரைவ் அப்படியே சொருகியிருந்தது. கழற்றித் தன் போனில் சொருகிப் பார்த்து, உள்ளே நாலே நாலு படம்தான் என்றாள். எல்லாம் வாள் சண்டை, ராட்சசப் பறவை, மலை இடிகிற படம். எனக்கு அதில் ஒன்றும் தெரியாது. அவர் பார்க்கிற நேரம் எனக்கு அடுப்படி நேரம், சத்தம் மட்டும்தான் வந்து சேரும்.

ஜூன் 22, ஞாயிறு

எல்லோரும் போய்விட்டார்கள். நடந்தபடியே எழுதுகிறேன்.

முன் காம்பராவில் அவருடைய போட்டோ, போட்டோவுக்குப் பக்கத்தில் டிவி. லக்ஷிகா டிவிக்கும் மாலை போட்டு, விபூதி பூசி, பொட்டும் வைத்திருந்தாள். இலையில் கருவாட்டுக்கும் சாராயத்துக்கும் நடுவில் ரிமோட். கேகாலை மாமா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பண்டாரம் ஒன்றும் கேட்கவில்லை, ரிமோட்டுக்கும் சேர்த்துத் தண்ணீர் தெளித்தார்.

சாம்பிராணி போட்டார். நான் முக்காட்டுக்குள் பட்டனை அமுக்கினேன். அதே நேரம் லக்ஷிகாவும் ரிமோட்டை எடுத்து அமுக்கினாள். டிவி அவர் விட்டுப்போன நூறிலேயே நின்றிருக்கிறது. கூரைத் தகரம் அதிர்ந்தது. டிவியில் அதே கொம்பு மான், அதே ராணி! பென் டிரைவில் இருந்த நாலில் அதுவும் ஒன்று. என் காதில் ஊர்க்கூட்டம் பள்ளத்துக்கு வந்துவிட்டது, டிவியில் இப்போதுதான் புறப்படுகிறது. இரண்டும் முட்டி மோதி தலை சுற்றியது. இயர்போனைப் பிடுங்கிவிட்டேன். ஒரு சொட்டு வரவில்லை.

மற்றவர்களுக்கு வந்தது. கேகாலை மாமா தேம்பினார். ஜெயம்மா சுவரில் சாய்ந்து அழுதாள், இத்தனை வருசம் அதே சுவரில் தட்டியவள். இராஜம் அண்ணி ஒப்பாரியைத் தொடங்கி, கொம்புச் சத்தத்துக்கு எட்டவில்லை என்றதும் நிறுத்தி, குரலை ஏற்றி மறுபடி எடுத்தார். கூட்டுப்பாட்டும் அண்ணியும் சேர்ந்து போனது. பண்டாரம் சூடத்தைக் காட்டிக்கொண்டே மூக்கை உறிஞ்சினார். நான் மட்டும் மரம் மாதிரி நின்றேன். லக்ஷிகா என் முகத்தையே பார்த்தாள். அதைத் தாங்க முடியாமல், பாயாசம் அடிப்பிடிக்கும் என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டேன்.

கிண்டிக்கொண்டு நின்றேன். சுவருக்கு அந்தப் பக்கம் கொம்பு, மேளம், குதிரையோ மானோ என்னவோ. அகப்பை கையில் அதிருகிறது. எரிச்சல் வந்தது. வாய் தானாகக் கத்தியது:

"சத்தத்தக் கொறைங்க! எத்தன தரம் சொல்றது!"

சத்தம் குறைந்துவிட்டது.

லக்ஷிகா குறைத்திருந்தாள். சொன்ன உடனே.

இருபத்து மூணு வருசம் கத்தியிருக்கேன். ஒரு நாள், ஒரே ஒரு நாள் கொறஞ்சதில்ல. கேட்டாத்தானே கொறைப்பாரு. இப்ப சொன்ன ஒடனே கொறஞ்சிருச்சு. அப்பத்தான் எனக்குத் தெரிஞ்சுது, அங்க அவரு இல்லன்னு.

அகப்பையோடு தரையில் உட்கார்ந்துவிட்டேன். எப்படி அழுதேன் என்று எனக்குத் தெரியாது. பாயாசம் அடிப்பிடித்த வாசம் வந்தது, எழ முடியவில்லை. இராஜம் அண்ணி ஓடி வந்து பார்த்தார்.

"போதும்டி, சொந்தமெல்லாம் பாத்துருச்சு" என்றார். பிறகும் நான் நிறுத்தாததைக் கண்டு பயந்து தண்ணீர் எடுத்து வந்தார்.

லக்ஷிகா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அகப்பையை என் கையிலிருந்து மெதுவாக எடுத்தாள்.

"புடிக்கும்டி" என்றேன்.

"சரிம்மா" என்றாள்.

ஜூன் 23, திங்கள்

பதினாறு பிள்ளைகள். வெயில். சட்டியைத் தேய்த்து முடியவில்லை, ஊறப்போட்டிருக்கிறேன்.

ஜூன் 29, ஞாயிறு

தைல டப்பாவைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். வைத்துக்கொள், இன்னும் எத்தனை சாவு இருக்கு என்றார் அண்ணி. அந்தப் படத்தில் கடைசியில் வரும் பாட்டை யார் பாடியது, பொம்பளைகளா ஆம்பிளைகளா என்றும் கேட்டார். அவர் குரலுக்கு அது சரியாக வருமாம்.

ஜூலை 6, ஞாயிறு

லக்ஷிகா கடைக்குப் போய்விட்டாள், ஸ்டாக் எடுக்கிற நாளாம். பதினொரு மணிக்கு டிவியைப் போட்டுவிட்டு அடுப்படிக்கு வந்தேன். முன் காம்பராவில் யாருமில்லை. பருப்பு வெந்தது, கல் மனிதன் குனிந்தான், தகரம் அதிர்ந்தது. கத்த வேண்டும்போல் இருந்தது. கத்தினேன், இரண்டு தரம். குறையவில்லை.

ஜெயம்மா சுவரில் தட்டினாள். எனக்கும் காது கேட்கவில்லை.