பதினேழாம் கேள்வி

என் அன்பு மகள் சிட்டுவுக்கு உன் சித்தப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் சித்தியும் கை கால் சுகத்தோடும், வாய் மட்டும் கொஞ்சம் கூடுதல் சுகத்தோடும் இருக்கிறோம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் உன் வயிற்றில் இருக்கும் பெரிய மனிதரும் அப்படியே இருக்க வேண்டும் என்று காலையில் கடை திறக்கும்போதும் சாயங்காலம் பூட்டும்போதும் நினைத்துக்கொள்கிறேன். சித்திக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, இப்போதெல்லாம் மாடிப்படியைத் திட்டாமலே ஏறுகிறாள். எனக்கு டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு இது முப்பது வயசுக்காரன் இதயம் என்று அசந்துபோய், பக்கத்து அறை டாக்டர்கள் நாலு பேரைக் கூப்பிட்டுக் கேட்க வைத்தார் என்று எழுத நினைத்தேன், உன் சித்தி தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்பதால் ஒரே டாக்டர்தான், அவரும் பரவாயில்லை என்றுதான் சொன்னார் என்று திருத்திக்கொள்கிறேன். சாவிக் கடை நன்றாக ஓடுகிறது. ஊரில் மறதி இருக்கும் வரைக்கும் எனக்குக் குறையில்லை.

நீ அனுப்பிய விண்ணப்பத் தாள்கள் இரண்டும் பத்திரமாக வந்து சேர்ந்தன. நம் எழுத்திலேயே அச்சடித்திருக்கிறார்கள், நல்ல மனுஷர்கள். பிரசவத்துக்கு நாங்கள் இரண்டு பேரும் உன் பக்கத்தில் இருக்க வேண்டும், மாதக் கடைசிக்குள் தாள்களை அங்குள்ள அலுவலகத்தில் நீயே கொண்டுபோய்க் கொடுத்தால்தான் அந்த நாட்டுக்குள் வர அனுமதி கிடைக்கும் என்று போனில் சொன்னாயே, அதிலிருந்து எனக்குத் தரையில் கால் பாவவில்லை. சித்தி தன் தாளை அரை மணி நேரத்தில் முடித்துவிட்டுத் துணி துவைக்கப் போய்விட்டாள். நான் அஞ்சாம் வகுப்பு வரைக்கும்தான் படித்தவன், ஆனால் அந்த அஞ்சையும் ஆழமாகப் படித்தவன், அதனால் ஒவ்வொரு கேள்வியையும் மூன்று தரம் படித்துத்தான் பேனாவை வைத்தேன். பதினாறு கேள்வி வரைக்கும் குதிரைப் பாய்ச்சல். பதினேழில் வந்து குதிரை படுத்துவிட்டது. நீங்கள் எப்போதாவது ஏதேனும் குற்றம் செய்திருக்கிறீர்களா என்று கேட்டு, ஆம் என்று ஒரு கட்டம், இல்லை என்று ஒரு கட்டம். அதற்குக் கீழே எறும்பு ஊர்ந்த மாதிரி பொடி எழுத்தில், பொய்யான பதில் தருவதும் குற்றமாகும் என்று வேறு போட்டிருக்கிறது.

நம் வீட்டில் அந்த வார்த்தை ஒரு நாளைக்கு எத்தனை தரம் புழங்கும் என்று உனக்கே தெரியும். ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டால் குற்றம். எது செய்தாலும் குத்தம் சொல்கிறாயே என்று நான் கேட்டால் அப்படிக் கேட்டதும் குற்றம். டீயில் மூன்று கரண்டி சர்க்கரை போடுவது உடம்புக்குச் செய்கிற குற்றம் என்று டாக்டர் சொன்னார். பக்கத்துக் கடைத் தையல்காரருக்கு யாராவது ரெடிமேட் சட்டை போட்டு எதிரே நடந்தால் போதும், "குத்தம்ங்க, பச்சைக் குத்தம், தோள்பட்டை எங்க இருக்கு, தையல் எங்க விழுந்திருக்கு பாருங்க" என்பார். இத்தனையும் சேர்த்து எழுதினால் ஒரு கட்டமா போதும், ஒரு நோட்டு வேண்டும். தாளை எடுத்துக்கொண்டு தையல்காரரிடமே போனேன். அவர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, "இதுக்குப் போய் இவ்வளவு யோசனையா, நீங்க என்ன கொள்ளையா அடிச்சீங்க, இல்லைன்னு போட்டுட்டுப் போங்கண்ணே" என்றார். நான் மெதுவாக, "ஒரு தடவை என்னை ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போனாங்களே" என்றேன். அவர் கழுத்தில் கிடந்த அளவு நாடாவைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டார். "அட ஆமா. அப்ப உங்க பேரு புத்தகத்துல ஏறியிருக்குமே. அண்ணி மட்டும்தான் போகணும் போலிருக்கு" என்றார்.

அந்தக் கதையை உனக்கு நூறு தடவை சொல்லியிருக்கிறேன், மாப்பிள்ளைக்குப் படித்துக் காட்டுவாய் என்பதால் நூற்றியோராவது தடவை எழுதுகிறேன். ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார் ஒருத்தர் கடைக்கு வந்து, சாவியை உள்ளே வைத்துவிட்டுக் கதவைச் சாத்திவிட்டேன், வந்து திறந்து விடப்பா என்றார். பெரிய அடுக்குமாடி, எல்லா மாடியும் ஒரே அச்சு, ஒரே பச்சைக் கதவு. நான் பதினேழு நொடியில் திறந்தேன் (ஏழு நிமிஷம் என்று சித்தி சொல்கிறாள், அவள் அங்கே இல்லை). வாத்தியார் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, அடுப்படியில் போய்த் தண்ணீர் எடுத்துக் குடிப்பா என்று உபசாரம் பண்ணினார். குடித்துக்கொண்டே சுவரில் இருந்த படத்தைப் பார்த்து, "உங்க மகளுங்களா, நல்லா களையா இருக்காங்க" என்றேன். அவர் எழுந்து பக்கத்தில் போய் உற்றுப் பார்த்துவிட்டு, "யாருப்பா இது, எனக்கே தெரியலையே" என்றார். வாழ்நாள் முழுக்கக் கணக்குச் சொல்லிக்கொடுத்த மனுஷர் மாடியை எண்ணுவதில் ஒன்று விட்டுவிட்டார். அந்த நேரம் பார்த்துப் படத்தில் இருந்த பெண்ணே வாசலில் வந்து நிற்கிறாள், நர்ஸ் வேலை முடித்து வருகிறாள், என் கையில் அவள் டம்ளர். அப்புறம் ஸ்டேஷன். நான் இன்ஸ்பெக்டர் மேசையில் ஓங்கித் தட்டிச் சட்டப்படி பேசுங்கள் என்றேன் என்றுதான் இதுவரை உனக்குச் சொல்லி வந்திருக்கிறேன். தட்டியது என்னவோ உண்மை, என் இரண்டு முழங்கால்களும் ஒன்றோடொன்று.

ஆகவே செவ்வாய்க்கிழமை கடையைச் சாத்திவிட்டு, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, அதே ஸ்டேஷனுக்கு நானே நடந்து போனேன். கூப்பிடாமல் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போன ஒரே ஆள் நான்தான் என்று நினைக்கிறேன். அங்கே எழுத்து வேலை பார்க்கிற அம்மா, ரைட்டரம்மா என்று கூப்பிடுகிறார்கள், தாளை வாங்கிப் படித்துவிட்டுச் சிரிக்காமல் என்னை உட்காரச் சொன்னார். நான் ஈரத் துண்டிலிருந்து ஆரம்பித்தேன். பாதியிலேயே கையைக் காட்டி நிறுத்திவிட்டு, "ஐயா, ஜனங்க பிடிக்காததுக்கெல்லாம் அந்தப் பேரைத்தான் வைக்கிறாங்க. இதைச் செய்யாதே, செஞ்சா தண்டனைன்னு சட்டத்துல எழுதியிருக்கணும், அதையும் நீங்க மனசறிஞ்சு செஞ்சிருக்கணும். அதுதான் குற்றம். மத்ததெல்லாம் தப்பு, மறதி, கெட்ட பழக்கம், வீட்டுச் சண்டை" என்றார். எவ்வளவு அழகாகச் சொன்னார் பார், என் பள்ளிக்கூடத்தில் இப்படி ஒரு வாத்தியார் இருந்திருந்தால் நான் ஆறாம் வகுப்பும் போயிருப்பேன். பிறகு உள்ளே போய்ப் பழைய பதிவேட்டைத் தூசி தட்டிக் கொண்டுவந்தார். வீடு மாறித் திறக்கப்பட்டது, பூட்டில் ஒரு கீறலும் இல்லை, வீட்டுக்காரப் பெண் புகார் எதுவும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார், நடவடிக்கை தேவையில்லை. இவ்வளவுதான் இருந்தது. என்னைப் பற்றி, ஒரு பூட்டுக்காரர் என்று இரண்டே வார்த்தை. "என் பேரு எங்கம்மா" என்று கேட்டேன். "பேரு இல்லாம இருக்குன்னு சந்தோஷப்படுங்க" என்றார். சந்தோஷம்தான், இருந்தாலும் இருபது வருஷமாக ஊர் முழுக்கச் சொல்லி வந்த கதையில் என் பெயரே இல்லை என்றால் மனசுக்கு ஒரு மாதிரிதானே. ஒரு கீறலும் இல்லை என்று சர்க்காரே எழுதி வைத்திருப்பதை மட்டும் இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டேன்.

அத்தோடு எழுந்து வந்திருக்க வேண்டும். மனசறிஞ்சு என்ற வார்த்தை என்னை எழுந்திருக்க விடவில்லை. "அம்மா, இன்னொண்ணு கேக்கணும். இன்னொருத்தர் பெட்டின்னு நல்லாத் தெரிஞ்சே ஒருத்தன் பூட்டைத் திறந்தா?" என்றேன். அவர் பேனாவை மூடிவிட்டு, யார் பெட்டி என்று கேட்டார். என் மகள் பெட்டி என்றேன். எதையாவது எடுத்தீர்களா என்றார். ஒரு கடிதம், ஒன்பது நாள் என்றேன்.

சிட்டு, உன் வேலைக் கடிதம்தான். நீ அந்த வாரம் முழுக்க எங்களிடம் எதையோ சொல்ல வாயெடுப்பதும் விழுங்குவதுமாக இருந்தாய், உன் இரும்புப் பெட்டியைப் புதுசாகப் பூட்டி வைத்தாய். பூட்டைக் கண்டால் சும்மா இருக்கத் தெரியாத கை எனக்கு. நீ குளிக்கப் போன நேரத்தில் திறந்தேன். எழுத்துக்கூட்டிப் படித்தேன், எவ்வளவு தூரம் என்று புரிந்தது, பதினைந்து நாளுக்குள் பதில் போட வேண்டும் என்றும் புரிந்தது. எடுத்துக்கொண்டுபோய்க் கடையில் வெட்டாத சாவிகளின் டப்பாவுக்கு அடியில் வைத்துவிட்டேன். அண்ணனும் அண்ணியும் போன பிறகு ஏழு வயதில் உன்னைக் கைப்பிடித்துக் கூட்டி வந்தோம், நீ போய்விட்டால் இந்த வீட்டில் நான் சொல்வதை நம்புவதற்கு யார் இருக்கிறார்கள் என்றுதான் அப்போது நினைத்தேன். வேறு நல்ல காரணம் ஒன்றை இட்டுக்கட்டலாம், எனக்கா வராது, இந்த ஒரு இடத்தில் வேண்டாம் என்று விடுகிறேன். நீ வீட்டைத் தலைகீழாகப் புரட்டினாய். பெட்டியிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்துவிட்டேன் போலிருக்கிறது என்று உன்னையே சந்தேகப்பட்டாய், அப்புறம் பழைய பேப்பரோடு சேர்த்துப் போட்டுவிட்டாள் என்று சித்தியைச் சொன்னாய். "உங்களுக்கு நான் போறது பிடிக்கலை" என்று அவளைப் பார்த்துச் சொன்னாய். எட்டு நாள் நீ அவள் போட்ட சாப்பாட்டை முகம் பார்க்காமல் சாப்பிட்டாய். நான் இரண்டு பேருக்கும் நடுவில் நல்லவனாக உட்கார்ந்து தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். ஒன்பதாம் நாள் உன் கண் வீங்கியிருந்ததைப் பார்த்து எனக்குத் தாங்கவில்லை, அலமாரிக்குப் பின்னால் கிடந்தது என்று கொண்டுவந்து கொடுத்தேன். நீ என்னைக் கட்டிக்கொண்டாய். ஐந்து வருஷமாக, நான் கண்டுபிடிக்காவிட்டால் இவள் வெளிநாடு போயிருப்பாளா என்று வருகிறவன் போகிறவனிடமெல்லாம் பீற்றிக்கொண்டிருக்கிறேன்.

ரைட்டரம்மா இதையெல்லாம் கேட்டுவிட்டுத் தாளை என் பக்கம் திருப்பி வைத்தார். பிறகு, "இந்தத் தாளுக்கு இல்லைன்னு போடுங்க, உங்க மேல வழக்கு இல்லை, தண்டனை இல்லை, அவங்க கேக்கறது அதைத்தான். நீங்க இப்ப சொன்னது என்னன்னு நான் சொல்ல முடியாது. யாருக்குச் செஞ்சீங்களோ அவங்கதான் சொல்லணும்" என்றார். வீட்டுக்கு வந்து முதலில் சித்தியிடம் சொன்னேன். பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "ஏங்க, அந்த அலமாரிக்குப் பின்னாடி நான் அந்த வாரத்துல மூணு தடவை கூட்டினேன். உங்க வண்டவாளம் எனக்கு அன்னிக்கே தெரியும்" என்றாள். அப்படியென்றால் ஏன் சிட்டுவிடம் சொல்லவில்லை, ஏன் பழியைச் சுமந்தாய் என்று கேட்டேன். "என் மேல கோவப்பட்டா நாலு நாள்ல ஆறிடும். உங்க மேல கோவப்பட்டா அது ஆறாது, பொண்ணு அப்பா இல்லாத மாதிரி ஆயிடுவா" என்றாள். சொல்லிவிட்டு அடுத்த பாத்திரத்தை எடுத்துவிட்டாள். நான் அவள் கையிலிருந்த துண்டை வாங்கி மீதியைத் துடைத்தேன், ஒரு டம்ளர்கூட உடைக்கவில்லை என்பதைச் சித்தியே சாட்சி சொல்வாள்.

சித்தியிடம் நீ போனில் ஒரு வார்த்தை பேசு. என்னைப் பற்றி இல்லை, அவளைப் பற்றி. இந்த உறையில் இரண்டு தாளும் இருக்கின்றன. சித்தியுடையதை உடனே கொடுத்துவிடு, அவள் எந்தக் கேள்விக்கும் யோசிக்க வேண்டியதில்லாத மனுஷி, பிரசவத்துக்கு உனக்கு வேண்டியதும் அவள்தான். என் தாளில் பதினேழாம் கட்டத்தில் இல்லை என்று குறித்து, கையெழுத்தும் போட்டுவிட்டேன், அது சட்டத்துக்கு. நீ இந்தக் கடிதத்தைப் படித்த பிறகும் சித்தப்பா வரட்டும் என்று தோன்றினால் அதையும் கொடு. தோன்றாவிட்டால் மேசை இழுப்பறையில் போட்டு வை, தாள் தொலைந்துவிட்டது என்று ஊரில் சொல்லிக்கொள்கிறேன், யாரையும் பழி சொல்ல மாட்டேன். எது செய்தாலும் எனக்கு உன்மேல் வருத்தம் இல்லை, ஐந்து வருஷத்துக்குப் பிறகு நேற்றுத்தான் படுத்ததும் தூங்கினேன்.

நீயும் மாப்பிள்ளையும் பிள்ளையும் நூறு வருஷம் நோய் நொடி இல்லாமல், ஒருத்தருக்கொருத்தர் ஒளிக்காமல் வாழ வேண்டும் என்று மனசார வாழ்த்துகிறேன். மறக்காமல் உன் வீட்டு மாற்றுச் சாவி ஒன்றைப் பக்கத்து வீட்டில் கொடுத்து வை, மாப்பிள்ளை வேலைக்குப் போன நேரத்தில் வலி எடுத்தால் வெளியிலிருந்து திறக்க ஆள் வேண்டும்.

இப்படிக்கு,
உன் பெட்டியைத் திறந்த
சித்தப்பா