துளைக்கூடத்துக் காற்று

நாள் 212, 09:40
நிலவின் தென்முனை நிலையம். பதிவு: நாச்சியார், கணினிப் பராமரிப்பு.

சூரியப் புயல் ஓய்ந்து மூன்று நாள். முதன்மை சர்வர் எரிந்துவிட்டது. பழைய மாற்று சர்வரில் ஆறு நிரல்கள் ஓடுகின்றன: நிலையக் காற்று, நிலைய வெப்பம், துளைக்கூடத்துக் காற்று, குரல் ரேடியோ, பூமித் தொடர்பு, மின்கலக் கண்காணிப்பு. மெமரி அடிபட்டிருப்பதால் மணிக்கு இரண்டு முறையாவது ஏதோ ஒன்று நின்றுவிடுகிறது. நான் கையால் தொடங்க வேண்டும். சேர்ந்தாற்போல் இருபது நிமிடம் தூங்க முடியவில்லை.

இங்கே நாங்கள் இரண்டு பேர். ரொட்ரிகோ அண்ணன், துளை இயந்திரக்காரர், தூத்துக்குடிக்காரர், பதினான்கு கிலோமீட்டர் தள்ளித் துளைக்கூடத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறார். வண்டி ஓடவில்லை. அவருடைய காற்று வால்வை இங்கிருந்து புதைகம்பி வழியாகத்தான் இயக்க முடியும். அங்கிருந்து எந்த அளவீடும் திரும்பி வருவதில்லை.

மீட்புக் கப்பல் வரப் பதினாறு நாள்.

நாள் 213, 15:10
காவல் நிரல் ஒன்றை நிறுவினேன். எந்த நிரல் நின்றாலும் இரண்டு நொடியில் இதுவே திரும்பத் தொடங்கும்.

ஒரு தப்பு செய்தேன். எந்தெந்த நிரல்களைத் தொடங்க வேண்டும் என்ற பட்டியலைச் சேமிக்காமல் சர்வரை அணைத்துப் போட்டுச் சோதித்தேன். எழுந்த சர்வரில் எதுவுமே ஓடவில்லை. நான்கு நிமிடம் இருவருக்கும் காற்று இல்லை. இப்போது சேமித்தாயிற்று. ஐந்து மணி நேரம் தூங்கினேன். ரேடியோவை அணைக்க மறந்து நான் விட்ட குறட்டை அங்கே வரை கேட்டதாம். அண்ணன் சொல்லிச் சிரித்தார்.

நாள் 217, 11:25
மெமரி நாளுக்கு நாள் சுருங்குகிறது. ஆறுக்கும் இடம் போதவில்லை. காவல் நிரல் ஒன்றைத் தொடங்கினால் இன்னொன்று விழுகிறது. மின்கலக் கண்காணிப்பை நீக்கினேன். பூமித் தொடர்பையும். கடைசியாக வந்த செய்தி: "கப்பல் வந்துகொண்டிருக்கிறது. தாக்குப்பிடியுங்கள்."

மெமரியை மிச்சப்படுத்த இனி இந்தக் குறிப்பு காகிதத்தில்.

நாள் 220, 10:50
மூன்றுக்குத்தான் இடம். அண்ணனிடம் மறைக்காமல் சொன்னேன். அவர் சொன்னது:

"தங்கச்சி, என் காத்த அந்த லிஸ்டுலருந்து எடுத்துரு. நீயாச்சும் கப்பல் வார வரைக்கும் இருப்பல்லா."

"அது நடக்காதுண்ணே. ரேடியோவத்தான் எடுக்கப் போறேன். இனிமே நாம பேசிக்க முடியாது."

ஒரு நிமிடம் அவகாசம் கேட்டார். மனைவி ஜெசிந்தாளிடம் சொல்ல வேண்டியதைச் சொன்னார். அது தனித்தாளில் இருக்கிறது. அவளிடம் சேர்த்துவிடுங்கள்.

ரேடியோ நிறுத்தம், 11:02.

நாள் 223, 16:30
துளைக்கூடத்துக் காற்று இன்று அறுபத்தொரு முறை விழுந்தது. பத்து முறை தொடர்ந்து விழுந்தால் காவல் நிரல் அதைக் கைவிட்டுவிடும். அப்படித்தான் அதன் இயல்பான அமைப்பு. அந்த வரம்பை எடுத்துவிட்டேன். எத்தனை முறை விழுந்தாலும் எழுப்பும்.

திரையில் அதன் பெயருக்கு எதிரே 'ஓடுகிறது' என்று பச்சையில் இருக்கிறது. நிரல் ஓடுகிறது, அவ்வளவுதான் பொருள். அண்ணன் இருக்கிறாரா என்பது எனக்குத் தெரியாது.

நாள் 225, 08:15
இரண்டுக்குத்தான் இடம். என் காற்று ஒன்று. இன்னொன்று என் வெப்பமா, அவர் காற்றா? அவர் போய்விட்டிருந்தால் நான் பிழைக்கலாம். மூன்று நாள்தானே. இதை நினைத்ததற்கு வெட்கப்படுகிறேன். ஆனாலும் நினைத்தேன்.

08:40
வெப்பத்தை நிறுத்தி அந்த இடத்தில் ரேடியோவைப் போட்டேன். இடம் போதாமல் அவர் காற்று நடுவில் இரண்டு முறை விழுந்து எழுந்தது. ஏழு முறை கூப்பிட்டேன். இரைச்சல்தான். எட்டாவது முறை:

"இருக்கேன். தலைதான் கிறுகிறுன்னு வருது. நீ நல்லாருக்கியா?"

நல்லா இருக்கேன் என்றேன்.

ரேடியோவை நிறுத்தினேன். வெப்பத்தைத் திரும்பப் போடவில்லை.

நாள் 226, 13:00
உள்ளே மைனஸ் முப்பத்தொன்று. விண்வெளி உடையின் சூடு காலையோடு தீர்ந்தது. விரல் வளையவில்லை, எழுத்து இப்படித்தான் இருக்கும். கால் இருக்கிற மாதிரியே தெரியவில்லை. இடம் இன்னும் சுருங்கி, அவர் காற்று ஒரு மணி நேரத்தில் நாற்பது முறை விழுகிறது. எழும்புவதற்குள் மறுபடி விழுகிறது. இப்படியே போனால் கப்பல் வரும்வரை அவர் தாங்கமாட்டார். நான் எப்படியும் தாங்கமாட்டேன்.

14:20
என் காற்றைப் பட்டியலிலிருந்து எடுத்தேன். சேமித்தேன். இரண்டு முறை சரிபார்த்தேன்.

கண்டெடுப்பவருக்கு: சர்வரைத் தொடாதீர்கள். அணைத்துப் போடாதீர்கள். முதலில் துளைக்கூடத்துக்குப் போங்கள்.

15 மணி இருக்கும்
என் காற்று இருந்த இடத்தில் ரேடியோவைக் கொஞ்ச நேரம் போடலாம் இப்போது. போடவில்லை. என் குரலைக் கேட்டே அண்ணன் கண்டுபிடித்துவிடுவார்

மூச்சு
திரையில் ஒரே ஒரு வரி. பச்சை. அரை மணியாக ஒரு முறைகூட விழ