பதினோரு பச்சை

11.11.2008, செவ்வாய்

டாக்டர் காயத்ரி கட்டுகிற குழந்தைகள் ஆஸ்பத்திரியில் சுவர் வேலை ஆரம்பித்தேன். இருபத்திரண்டு அடி. திண்டிவனத்தில் இவ்வளவு பெரிய சுவரை யார் எனக்குக் கொடுத்திருக்கிறார்கள்? முழுக்கக் காடு. மரத்திலும் பாறையிலும் பாசி. தை மாதம் திறப்பு. "ஊசிக்கு அழுவுற பிள்ளைங்க இதைப் பார்த்து வாயை மூடணும் ரோஜா" என்றார்.

பாசிக் காட்டுக்கு நான் எங்கே போவேன்? வீட்டுக்குப் பின்னால் துவைக்கிற கல்லில் படர்ந்திருப்பதுதான் நான் கண்ட காடு. குந்தி உட்கார்ந்து எண்ணினேன். ஓரத்தில் எலுமிச்சை, நடுவில் கரும்பச்சை, மொத்தம் பதினோரு பச்சை. பதினொன்றையும் சுவரில் கொண்டுவராமல் விடுவதில்லை.

14.11, வெள்ளி

விழுப்புரம் ஆஸ்பத்திரிக்குப் போய் அவர்கள் கண்ணெதிரே மாத்திரை விழுங்கிவிட்டு வந்தேன். திங்கள், புதன், வெள்ளி. அந்த ஊரில் இருக்கிற அக்கா சவுரியம்மாள் வீட்டு விலாசம்தான் கொடுத்திருக்கிறேன். இங்கே வீட்டுக்காரம்மாவிடம் டிராயிங் கிளாஸ் என்று சொல்லி வைத்திருக்கிறேன். டி.பி. என்று தெரிந்தால் போன தடவை மாதிரி சாமான் தெருவுக்கு வந்துவிடும். சளியில் கிருமி இல்லை என்று செப்டம்பரிலேயே ரிசல்ட் வந்தது. அதை யார் கேட்பார்கள்?

போன தடவை மூன்றே மாதத்தில் நன்றாகிவிட்டது என்று நானே நிறுத்தினேன். திரும்பி வந்தது. இந்தத் தடவை எட்டு மாதம். ஒரு வேளை தப்பாது.

19.11, புதன்

பெயிண்ட் கடையில் சண்டை. பச்சை செத்துக் கிடக்கிறது என்றேன். பாட்டிலை மாற்றிக் கொடுத்தார். அதுவும் அப்படியே. பளிச்சென்ற பச்சை பாசியாகாது, ஒரு சொட்டு செங்காவி விட வேண்டும். ஒரு சொட்டு விட வேண்டிய இடத்தில் நாலைந்து விடுகிறேன், விட்டதே தெரியவில்லை. எல்லாம் கலப்படம்.

24.11, திங்கள்

வாட்ச்மேன் பாண்டுரங்கன்: "என்னக்கா, காட்டுக்குத் தண்ணி காட்டலியா? காய்ஞ்சிகினு வருதே." வாயை மூடிக்கினு கேட்டைப் பாரு என்றேன். நக்கலா, நிஜமா?

28.11, வெள்ளி

மூன்று நாளாக மழை. கல்லில் பாசி கொழுத்திருக்க வேண்டும். போய்ப் பார்த்தேன். சாம்பல்.

1.12, திங்கள்

"இந்தக் காப்பி கலர் புடவை எப்பக்கா எடுத்த?" என்றேன். அக்கா என்னையே பார்த்தாள். "செகப்புடி இது. போன கிறிஸ்மஸுக்கு நீ எடுத்துக் குடுத்தது." அப்புறம், "மாத்திரை குடுக்கறவங்க மொத நாளே சொன்னாங்க இல்ல, கலர் மாறுனா ஒடனே சொல்லணும்னு?"

சொல்லமாட்டேன். சொன்னா நிறுத்திடுவாங்க. நிறுத்தினா மறுபடியும் இருமல் — மறுபடியும் சாமான் தெருவுல. நெஞ்சா, கண்ணா? இப்படி ஒரு கேள்வியை என்னிடம் ஏன் கேட்கிறாய் ஆண்டவரே?

பதினோரு கிண்ணத்திலும் பேர் எழுதி ஒட்டிவிட்டேன். படித்துப் படித்துத் தீட்டலாம்.

3.12

சொல்லவில்லை.

9.12, செவ்வாய்

டாக்டரம்மா வந்தார். சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார். கிண்ணம் ஒன்றை எடுத்து, பேர் ஒட்டிய பக்கத்தை மறைத்துக்கொண்டு, "இது என்ன கலர்?" என்றார். "இலைப்பச்சை." "இது?" கொஞ்சம் யோசித்து, "கரும்பச்சை."

"ரெண்டும் செங்கல் கலர், ரோஜா. ஏதாவது மாத்திரை சாப்பிடறீங்களா?"

கிண்ணத்தை வாங்கிக் கீழே வைத்தேன்.

"டி.பி.க்கா?"

அழுதுவிட்டேன். ரிசல்ட்டைச் சொன்னேன், பிள்ளைகள் வருவதற்குள் போய்விடுகிறேன் என்றேன். அதற்கு அவர் கோபப்படவில்லை. வேறொன்றுக்குக் கோபப்பட்டார். "சின்னப் பிள்ளைங்களுக்கு அந்த மாத்திரை எழுத நாங்க பயப்படுவோம். கலர் மாறினா அதுங்களுக்குச் சொல்லத் தெரியாது. உங்களுக்குத் தெரியுமில்ல?"

தெரியும். அதுதான் வலிக்கிறது.

10.12, புதன்

விழுப்புரத்தில் சொல்லிவிட்டேன். கண்ணைக் கெடுத்த ஒரு மாத்திரையை மட்டும் நிறுத்தினார்கள், மற்றவை தொடரும். நெஞ்சுக்கு ஒன்றும் ஆகாதாம். இவ்வளவுதானா? இதுக்கா வாயை மூடிக்கினு இருந்தேன், முட்டாள்?

கண் திரும்புமா என்று கேட்டேன். "நிறைய பேருக்குத் திரும்பும்" என்றார்கள். எல்லாருக்கும் என்று சொல்லவில்லை.

13.12

வேறு ஆளை வைத்து வெள்ளையடித்துவிடுங்கள் என்று டாக்டரம்மாவிடம் சொன்னேன். "எது தப்புன்னு நீங்களே வந்து காட்டுங்க. அதுவரைக்கும் அப்படியே இருக்கட்டும்."

22.1.2009

ஆஸ்பத்திரி திறந்தார்கள். போகவில்லை.

19.2

கல் இன்னும் சாம்பல்தான்.

18.3, புதன்

மாத்திரை முடிந்தது. வீட்டுக்காரம்மாவிடம் நானே எல்லாவற்றையும் சொன்னேன். "ஓ" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

20.3

வீட்டுக்காரம்மா பேசவில்லை. சாமான் இன்னும் உள்ளேதான் இருக்கிறது.

22.4, புதன்

காலையில் துணி துவைக்கப் போனேன். கல் ஓரத்தில் எலுமிச்சை. சோப்பு நுரையைக் கழுவிவிட்டு மறுபடி பார்த்தேன். பக்கத்தில் இன்னொன்று. எட்டு வரைக்கும் எண்ணினேன். வாளியை அங்கேயே போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தேன்.

உள்ளே நுழைந்ததும் சுவரைப் பார்த்தேன். இதுவா காடு? பாறை முழுக்கச் செங்கல் பொடி. மரமெல்லாம் துரு. இந்தக் கண்றாவியைப் பார்த்துக்கொண்டா மூன்று மாதமாகப் பிள்ளைகள் ஊசி போட்டுக்கொண்டன? கேவலம். அவ்வளவு சந்தோஷமாக இருந்தது, நின்று அழுதேன்.

"இவ்ளோ மோசமா இருக்குன்னு சொல்லக் கூடாதா?" என்றேன் பாண்டுரங்கனிடம்.

"சொன்னேனேக்கா."

விரலை வைத்துக் காட்டிக்கொண்டே போனேன். இது தப்பு. இது தப்பு. இதுவும். டாக்டரம்மா சாக்பீஸை எடுத்துக்கொண்டு என் பின்னாலேயே வட்டம் போட்டுக்கொண்டு வந்தார். நாற்பத்துமூன்று வட்டம்.