யாரென்று தெரியாதவர்களுக்கு

ஞாயிறு, இரவு

முதலிபாளையத்தில் பனியன் கம்பெனிப் பெண்களுக்கு நாங்கள் நடத்தும் கணினி வகுப்பில் கட்டற்ற மென்பொருளின் வரலாற்றைச் சொல்லித்தருவது இன்று என் முறை. பலர் முன் பேச எனக்குக் கூச்சம். முதலில், பனியனுக்குப் பிரிண்ட் டிசைன் வரையும் மென்பொருளை எல்லோருக்கும் பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்தேன். அப்போது யாரோ கதவைத் தட்டினார்கள். புதிதாகச் சேர்ந்த செல்வி என் கையிலிருந்த பென் டிரைவைப் பிடுங்கி டிபன் பைக்குள் ஒளித்துவிட்டாள்.

"செக்கிங் வந்துட்டாங்கக்கா!"

"அவரு கரண்டு மீட்டர் பாக்க வந்தவரு. உன்னையப் புடிச்சுட்டுப் போயி என்ன பண்ணப் போறாரு?" என்று கதவைத் திறந்த கவிதா சிரித்தாள்.

செல்வி சிரிக்கவில்லை. அவள் கம்பெனி டிசைன் ரூமில் மென்பொருள் எல்லாமே காசு கொடுக்காத திருட்டுக் காப்பிதானாம்; அதைப் பிடிக்கச் செக்கிங் வருவார்களாம். துணியில் குறை பார்க்கும் டேபிளிலிருந்து அந்த ரூமுக்குப் போகத்தான் படிக்க வந்திருக்கிறாள். மாட்டினால் இருக்கிற வேலையும் போய்விடுமே என்று பயம்.

மென்பொருளோடு வரும் உரிமத்தைத் திறந்து தமிழில் சொன்னேன். பயன்படுத்தலாம், பிரித்துப் பார்க்கலாம், மாற்றலாம், அடுத்தவருக்கும் கொடுக்கலாம்.

"இத எழுதுனவங்களுக்கு நம்மளத் தெரியுமாக்கா?" என்று செல்வி கேட்டாள்.

"தெரியாதுங்க."

"தெரியாதவங்களுக்கா இவ்வளவும் செஞ்சு வச்சிருக்காங்க?"

எழுதியதைப் பூட்டி வைக்கமாட்டோம் என்று எங்கெங்கோ பிடிவாதமாக உட்கார்ந்து எழுதியவர்களை நினைத்துக்கொண்டே நின்றேன். இப்போதும் மனம் அங்கேயே நிற்கிறது.

கிளம்பும்போது, தன்னோடு கம்பெனி ஹாஸ்டலில் இருக்கும் பிள்ளைகளுக்கும் இதைக் கொடுக்கலாமா என்று செல்வி கேட்டாள். எதையும் நாலு பேரைக் கேட்டே செய்யும் நான், யாரையும் கேட்காமல், "குடுங்க" என்றேன்.