சூளைக்குப் போன முகம்

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கு நான் நலம். நீ நலமா என்று அன்பாகக் கேட்கும் நிலையில் இன்று நான் இல்லை. பெற்ற பாவத்துக்குக் கேட்டுவைக்கிறேன். போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்றே என் வாயை அடைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம். முழுவதும் படி.

செங்கல் சூளை வைத்திருக்கிறானே உன் சிநேகிதன், அவன் நேற்று வந்தான். "சுட்டு வெச்சுட்டா அழியாதுன்னு உங்க பையன் குடுத்துட்டுப் போனான்மா. உள்ள கெட்டியா இருந்ததெல்லாம் வெடிச்சுப்போச்சு, இது ஒண்ணுதான் தப்பிச்சுது" என்று அட்டைப்பெட்டியை நீட்டினான். உள்ளே உன் அப்பாவின் தலை, செக்கச்செவேல் என்று.

போன மாத லீவில், சித்திக்குக் காய்ச்சல் என்று நான் போயிருந்த நேரம் பார்த்து, நான் செய்து மேசையில் வைத்திருந்த மண் முகங்கள் அத்தனையையும் அள்ளிக்கொண்டு போயிருக்கிறாய். குப்பை என்று ஒழித்துப்போட்டிருப்பாய் என்றல்லவா நான் இருந்துவிட்டேன். யாரைக் கேட்டுச் செய்தாய்?

அது என் விளையாட்டு. நாள் முழுக்க அளவு, அளவு என்று அடுத்தவர் உடம்புக்குத் தைக்கிறேன். மண்ணுக்கு அளவு கிடையாது. மூக்கு பெரிதாகிவிட்டால் கிள்ளி எடுத்துக் காதில் ஒட்டிவிடலாம். டீ வடிகட்டியில் மண்ணை வைத்து அழுத்தினால் முடி முடியாக வரும். அதை மண்ணில் செய்த மாடிவீட்டுக்காரரின் வழுக்கையில் வைத்துவிட்டுத் தனியாக விழுந்து விழுந்து சிரித்திருக்கிறேன். ஆசை தீர்ந்ததும் ஓங்கி ஒரு குத்து. தண்ணீர் தெளித்து மறுபடி வாளியில் போடுவேன். செய்வதில் பாதி சந்தோஷம் என்றால் அந்தக் குத்தில்தான் மீதி. அழியக்கூடாது என்று உன்னிடம் யார் அழுதது?

உன் அப்பாவையும் அப்படித்தான் செய்வேன். குறட்டை விடுகிற அப்பா, ஷேவ் செய்யும்போது கன்னத்தை உப்பவைக்கிற அப்பா. அதெல்லாம் வெடித்துப் போயிற்று. தப்பித்தது எது தெரியுமா? நெஞ்சு வலி வந்த அன்று ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று நான் கெஞ்சியபோது, "எனக்கு ஒண்ணுமில்ல, தொணதொணன்னு உசிர வாங்காத" என்று உதட்டைச் சுழித்துக்கொண்டு திரும்பிப் படுத்தாரே, அந்த முகம். அவர் மேல் ஆத்திரம் பொங்கும்போதெல்லாம் அதைத்தான் செய்வேன். வாய்க்கு வந்தபடி திட்டி, குத்தி நசுக்கினால்தான் எனக்குத் தூக்கம் வரும். இந்தமுறை குத்துவதற்குள் சித்தி வீட்டுக்கு ஓடவேண்டியதாயிற்று. வேறு முகத்துக்கு மண் போதாமல் இதன் உள்ளே வழித்து எடுத்திருந்தேன், கூடாக இருந்ததால் வெடிக்கவில்லை. அதைப் போய்க் கல்லாக்கி அனுப்பியிருக்கிறாய். இப்போது குத்தினால் என் கைதான் உடையும்.

உன் சித்தி வேறு, "அத்தானை உரிச்சு வெச்ச மாதிரி இருக்கு, அலமாரியில வையேன்க்கா" என்கிறாள். அந்தச் சுழித்த உதட்டைப் பார்த்துக்கொண்டே நான் தினமும் சாப்பிட வேண்டுமாம். துணியில் சுற்றிப் பரணில் ஏற்றிவிட்டேன். உடைக்கவும் மனசு வரவில்லை, வைத்துக்கொள்ளவும் முடியவில்லை. இந்த அவஸ்தை உன்னால் வந்தது.

போன வருடம் அப்பா போனபோது, நீ வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. டிக்கெட் கிடைக்காததற்கு நீ என்ன செய்வாய், அதை நான் குறையாகச் சொல்லவில்லை. கடைசியாக முகம் பார்க்காதவனுக்கு ஒரு முகம் வேண்டியிருந்தது. அதுகூடப் புரியாத முட்டாள் இல்லை நான். ஆனால் வாயைத் திறந்து கேட்டிருக்கலாமே. நீயும் உன் அப்பாவைப் போலத்தான், எதையும் சொல்லமாட்டாய்.

புது மண் வாங்கி ஈரத்துணி போட்டு வைத்திருக்கிறேன். அடுத்த லீவுக்கு வா. எதையும் சரிசெய்ய வராதே, சும்மா வா. என் பக்கத்தில் உட்கார்ந்து உன் அப்பாவை நீயே செய். கோணலாக வந்தால் வரட்டும். திட்டத் தோன்றினால் திட்டு, நானும் சேர்ந்துகொள்கிறேன். அழுதால் ஏன் என்று கேட்கமாட்டேன்.

வேளைக்குச் சாப்பிடு. நன்றாக இரு.

கோபம் இன்னும் தீராத
உன் அம்மா